கடலை வலது பக்கம் வரைந்த அண்ணிக்கு

என் செல்வி அண்ணிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை அனு உங்களைப் பற்றிப் பேசினாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்தச் செய்தியை முதலில் யாரிடம் சொல்லலாம் என்று யோசித்தபோது உங்கள் முகம்தான் வந்து நின்றது. வேறு யாரிடம் சொல்ல?

நீங்கள் போனபோது உங்கள் மகளுக்குப் பதினொரு வயது. அவள் அழவில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாளே தலையைப் பின்னிக்கொண்டு ஸ்கூலுக்குக் கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் மூன்று வருஷமாக 'அம்மா' என்ற வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை. ஒருநாள் அண்ணன் பீரோவிலிருந்து உங்கள் பச்சைப் புடவையை எடுத்து, "அனு, இது அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சது" என்றார். "எனக்கு ஹோம்வொர்க் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு நாங்களும் பழகிக்கொண்டோம். அவள் கூடத்துக்கு வந்தால் உங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கரண்ட் பில், மழை என்று ஏதாவது பேசுவோம். அது சரியா தப்பா? நீங்கள் இருந்திருந்தால் உங்களிடம்தான் கேட்டிருப்பேன்.

நானும் இவரும் இப்போது உங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறோம். எனக்கு நாவலூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிற வேலை. அண்ணன் இன்னமும் காலேஜ் பஸ்தான் ஓட்டுகிறார், காட்டாங்குளத்தூருக்கும் தாம்பரத்துக்குமாக. கொஞ்சம் இளைத்துவிட்டார். அனு ஒன்பதாவது படிக்கிறாள். உங்களை மாதிரியே பேனா மூடியைக் கடிக்கிறாள்.

அன்றைக்கு மத்தியானம் சயன்ஸ் புத்தகத்தோடு மாடிக்கு வந்தாள். "அத்தை, டிஸ்டன்ஸும் டிஸ்ப்ளேஸ்மென்ட்டும் ஒண்ணுதானே? ரெண்டும் தூரம்தானே? எதுக்கு ரெண்டு பேரு?" என்று கேட்டாள். ஒரு ஆள் வடக்கே மூன்று கிலோமீட்டர் நடக்கிறான், வலது பக்கம் திரும்பி நாலு கிலோமீட்டர் நடக்கிறான், கிளம்பின இடத்திலிருந்து இப்போது எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் இருக்கிறான் என்பது கணக்கு. நான் ஒரு தாளை எடுத்துத் திசைகளைக் குறித்தேன். கை தன் பாட்டுக்குத் தாளின் வலது ஓரத்தில் நெளிநெளியாக ஒரு கோடும் போட்டுவிட்டது.

"இது இன்னா அத்தை?" என்றாள்.

"கடல்."

"கணக்குல கடலே இல்லையே?"

உண்மையான பதிலைச் சொன்னால் புத்தகத்தை மூடிக்கொண்டு இறங்கிப் போய்விடுவாளோ என்று பயம். பொய் சொல்லவும் மனசில்லை. "உங்கம்மா இப்படித்தான் போடுவாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. அந்த நெளிக்கோட்டை விரலால் தடவிக்கொண்டே, "ஏன்?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே மூன்று வருஷமாகக் காத்திருந்தோம்? எல்லாவற்றையும் சொன்னேன். நாம் இரண்டு பேரும் பேங்க் பரீட்சைக்குப் படித்ததை. வயது வரம்பால் உங்களுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்பதை. தாம்பரத்தில் கோச்சிங் கிளாஸ் முடித்து நான் வந்ததும், நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததை. கூட்டல், பெருக்கல், வட்டிக் கணக்கு எல்லாம் என்னைவிட வேகமாகப் போடுவீர்கள். திசைக் கணக்கு வந்தால் மட்டும் தடுமாறுவீர்கள். கடற்கரைக் குப்பத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்குக் கிழக்கு என்றால் கடல். நீங்கள் தாளில் அனுப்புகிற ஆள் எந்தப் பக்கம் நடந்தாலும் முகத்தைக் கடல் பக்கமே வைத்திருப்பான். அவனுக்கு இடது பக்கம் எப்போதும் வடக்குதான். வடக்கே போகிறவனை இடது பக்கம் திருப்பு என்றால் மறுபடியும் வடக்கேயே அனுப்புவீர்கள்.

"இன்னாடி கலா, நாலு கிலோமீட்டர் கிழக்க போறான். அவ்ளோ தூரம் போனா கடல்ல பூடுவானே, அவனுக்கு நீச்சல் தெரியுமா?" என்று நீங்கள் கேட்டதை உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். அனு சிரித்துவிட்டாள். உங்கள் பேச்சைக் கேட்டு உங்கள் மகள் சிரித்தாள், அண்ணி.

அந்தத் தைரியத்தில் மைதானத்துக் கதையையும் சொன்னேன். நம் வீட்டுக்குப் பின்னால் அப்போது வெறும் மனைக்கட்டுகள்தானே. எல்லைக் கல்லும் முள்ளுச் செடியும் தவிர ஒன்றும் கிடையாது. இப்போது அங்கே முழுக்க வீடுகள். பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, "தாள்ல வேணாண்டி, நடந்தே பாத்துர்லாம்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஐந்து வயசு அனுவை ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "இங்கயே நில்லு கண்ணு, அம்மா சுத்திக்கினு வரேன்" என்றீர்கள். நான் புத்தகத்தைப் படித்தேன், நீங்கள் நடந்தீர்கள். வடக்கே மூன்று மனை, வலது பக்கம் திரும்பி நாலு மனை.

நீங்கள் கடைசிக் கல்லுக்குப் போவதற்குள் பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டது. "அம்மா" என்று கத்திக்கொண்டே ஓடினாள். நீங்கள் போன வழியில் ஓடவில்லை, முள்ளுச் செடிக்கு நடுவே குறுக்காக ஓடினாள். நீங்கள் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் ஓடி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு, "கலா, நான் அப்டி சுத்தி வந்தேன். இவ நேரா வந்துட்டா. நான் வந்தது டிஸ்டன்ஸு, இவ வந்தது அந்த இன்னொண்ணு. அவ்ளோதானா?" என்றீர்கள்.

"அவ்ளோதான் அண்ணி."

"இத்தச் சொல்றதுக்கா உங்க சார் இவ்ளோ நாளு எடுத்துக்கினாரு?"

அதற்கப்புறம் நீங்கள் ஒரு திசைக் கணக்கைக்கூடத் தப்பாகப் போடவில்லை. பரீட்சையில் நீங்கள் தேறினீர்கள், நான் தேறவில்லை. செங்கல்பட்டு கிளையில் வேலை கிடைத்து, காலையில் பாசஞ்சர் பிடிக்க ஓடுவீர்கள். உங்களுக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தது நான்தான், நினைவிருக்கிறதா? எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை. அதை அன்றே சொன்னேன், நீங்கள்தான் நம்பவில்லை.

இதையெல்லாம் அனு கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அம்மா என்னைத் திட்டினாங்களா?" என்றாள்.

"எதுக்குத் திட்டணும்?"

"நிக்கச் சொன்ன இடத்துல நான் நிக்கலையே."

"திட்டலைடா. உன் கால்ல இருந்த முள்ளை எடுத்தாங்க."

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே மெதுவாகச் சொன்னாள்: "ஆஸ்பத்திரியில அன்னைக்கும் வெளியில நில்லுன்னாங்க. கூப்பிடறேன்னாங்க. நான் நின்னேன் அத்தை. கூப்பிடவே இல்ல. நான் உள்ள ஓடியிருக்கணும்."

இதுதான் அண்ணி, மூன்று வருஷமாக அந்தப் பிள்ளை மனசுக்குள் வைத்திருந்தது. நாங்கள் என்னென்னவோ நினைத்தோம். கோபம் என்று நினைத்தோம், மறந்துவிட்டாள் என்றுகூட நினைத்தோம். அன்றைக்கு நீங்கள் அவளை வெளியே நிற்கச் சொன்னது, மூக்கிலும் கையிலும் குழாயோடு உங்களை அவள் பார்க்கக் கூடாது என்பதற்காக. அது எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அனு, நான் உள்ளேதான் இருந்தேன். உன்ன வெளியில அனுப்பினதும் உங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'அந்தத் திரையைக் கொஞ்சம் தள்ளு கலா, புள்ள தெரியல' அப்படின்னாங்க. நான் தள்ளினேன். கதவுல கண்ணாடி இருந்ததே, அது வழியா நீ பெஞ்சுல உக்காந்திருக்கறது தெரிஞ்சுது. யூனிஃபார்ம்ல இருந்த. கால ஆட்டிக்கிட்டு இருந்த. உங்கம்மா வேற எங்கயும் பாக்கல. கடைசி வரைக்கும் உன்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

"நெஜமாவா?"

"நெஜமா."

அப்போதுதான் அழுதாள். என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று அழுதாள். சத்தம் கேட்டு அண்ணன் கீழேயிருந்து ஓடி வந்தார். தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அழுது ஓய்ந்ததும் அவளே, "அப்பா, அம்மாவுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாள். அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். நான் போட்டுக் கொடுத்த காபி ஆறிப்போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தத் திரை விஷயத்தை நான் முன்னாலேயே சொல்லியிருக்கலாமோ? அவள் கேட்பாள் என்று இருந்தேன், அவளோ யாராவது சொல்வார்கள் என்று இருந்திருக்கிறாள். வீட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் அழவைக்கக் கூடாது என்றே இருந்துவிட்டோம்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணி. உங்கள் பேச்சு எடுத்தால் இனி இந்த வீட்டில் யாரும் குரலைத் தாழ்த்த மாட்டோம். நல்ல நாட்களைப் போலவே நோயில் கிடந்த நாட்களையும் அவள் கேட்கும்போதெல்லாம் சொல்வேன். எந்தப் பேச்சுக்கும் அவளை வெளியே நிற்க வைக்க மாட்டேன்.

என்றும் உங்கள் நாத்தனார்,
கலா
முடிச்சூர், தாம்பரம்