மூன்றாவது ஆம்ப்ளிஃபயரில் கேட்டது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி வாலுக்குட்டியும் சுகமாக இருக்கவேண்டும். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, பிரஷர் மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறேன், மனசுதான் சரியில்லை.

பழைய ஆம்ப்ளிஃபயர் புகைந்து உயிரை விட்டதும், காசைப் பார்க்காமல் நல்லதாக வாங்குங்கள் என்று போனில் அதட்டினாயே, அதற்காகச் செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனேன். நம் டேப் டெக்கையும் வாலு பிறந்தபோது அம்மா பாடி, உன் கைபேசிக்கு நான் நகல் அனுப்பிய தாலாட்டு கேசட்டையும் துணிப்பையில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார். ஆனால் பொறுமைசாலி. மலிவு, நடுத்தரம், ஆனைவிலை குதிரைவிலை என்று மூன்றை வரிசையாக வைத்து ஒரே ஜோடி ஸ்பீக்கருக்கு ஒயரை மாற்றி மாற்றிக் கொடுத்தார். மலிவானதில் அம்மா பக்கத்து வீட்டில் நின்று பாடுவதுபோல் இருந்தது, சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் கூடவே ஏறியது. நடுத்தரத்தில் வீட்டுக்குள் வந்துவிட்டாள், நமக்கு இது போதும் என்று முடிவே கட்டிவிட்டேன். வந்தது வந்தீர்கள், இதையும் கேட்டுவிடுங்கள் என்று அவர்தான் மூன்றாவதைப் போட்டார். துளி இரைச்சல் இல்லை. பாட்டுக்கு முன்னால் நான் 'ம், ஆரம்பி' என்று மிரட்டுவது வருமே, வாலு அதைப் பிடித்துக்கொண்டு உங்களை மிரட்டுகிறாள் என்று சிரித்தோமே, அதற்கும் முன்னால், வெறும் இரைச்சல் என்று இத்தனை நாள் நினைத்த இடத்தில் அம்மா பேசுகிறாள். மூச்சு வாங்குதுங்க, நெஞ்சை அடைக்குது, நாளைக்குப் பாடறேனே என்கிறாள். பேத்திக்குப் போவது சுத்தமாக இருக்கவேண்டும் என்று அன்றைக்கு மூன்றாம் தடவையாகப் பாட வைத்தேன். அவளுக்கு நான் சொன்ன பதில்தான் அந்த 'ம், ஆரம்பி'. கடைக்காரர் குனிந்து ஒயரைச் சரிசெய்வதுபோல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, டீ சொல்லட்டுமா சார் என்றார்.

பாடிய பன்னிரண்டாம் நாள் அம்மா மாரடைப்பில் போனாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், அழுத்தக்காரி, யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று சொன்னவன் நான். நீயும் அதை நம்பி, நானாவது போனில் கேட்டிருக்கலாமே என்று இரண்டு வருஷமாக உன்னையே குடைந்துகொண்டிருக்கிறாய். வேண்டுமென்று பொய் சொல்லவில்லையம்மா, எனக்கு ஞாபகமே இல்லை. அவள் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகம்கூட இல்லை என்பதுதான் இப்போது என்னைத் தின்கிறது.

மலிவானதையே வாங்கிவிடலாம், அதில் அது கேட்காது என்று ஒரு நிமிஷம் புத்தி போயிற்று. உன் கைபேசியிலும் கேட்காது, உனக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அவளை அழுத்தக்காரியாகவே விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை. மூன்றாவதையே வாங்கிவிட்டேன். கூடத்தில் இருக்கிறது, பெட்டியைப் பிரிக்கவில்லை, தனியாகக் கேட்கத் தைரியம் இல்லை. எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன், ஒருமுறை வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசி, நீ நூறு வயசு இருக்கவேண்டும். ஒன்றை மறக்காதே. உடம்புக்கு முடியாவிட்டால் ஒருதரம் சொன்னதோடு விட்டுவிடாதே, கேட்கிறவன் காதில் ஏறும்வரை சொல். அம்மா ஒருதரம்தான் சொன்னாள், என்னிடம்தான் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா