ஆண்களுக்கு ஒரு நாள், பெண்களுக்கு ஒரு நாள் வேண்டாம்

அனுப்புநர்:
இவாசே கொதோனே,
செயலாளர், ஹொஷிகாவா திரைக் குழு.

பெறுநர்:
நிர்வாகி அவர்கள்,
நகரப் பண்பாட்டு மண்டபம், ஹொஷிகாவா.

பொருள்: அடுத்த மாதத் திரையிடலை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நாளில் நடத்த வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற சனிக்கிழமை பிற்பகல், வயது வந்தோருக்கான பழைய காமப் படம் ஒன்றைத் திரையிட மண்டபத்தைத் தந்தீர்கள். வேறு எவரும் தந்திருக்க மாட்டார்கள். முதலில் அதற்கு எங்கள் நன்றி.

1. இத்தகைய படங்கள் ஆண்களுக்காக ஆண்கள் எடுத்தவை என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். இந்தப் படத்தை இயக்கியவர் பெண். குளியல் விடுதி நடத்தும் விதவை ஒருத்தி, தன் காதலனையும் காதலியையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ளும் கதை. இதில் வெட்கப்படுபவன் ஆண். ஆடை களையும்போது சிரிப்பவள் பெண். அவள் உடலைவிட, அவள் எதைப் பார்க்கிறாள் என்பதிலேயே கேமராவுக்கு அக்கறை.

2. பெண்களின் பாதுகாப்பைக் கருதி, இருக்கைகளின் நடுவே சிவப்புக் கயிறு கட்டி, பெண்களாகிய எங்களை வலப்புறம் அமர்த்தி, எங்கள் தலைக்கு மேல் மட்டும் விளக்கைத் தங்கள் ஊழியர்கள் எரியவிட்டார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த வெளிச்சத்தில் படம் சரியாகத் தெரியவில்லை. இடப்புறம் ஆண்கள் சிரித்தபோது எங்களைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்தோம். நாங்கள் சிரித்தபோது அவர்களும் அப்படியே நினைத்தார்களாம்.

3. எங்கள் உறுப்பினர் ருகா ஒரு திருநங்கை. சற்றுத் தாமதமாக வந்தார். எந்தப் பக்கம் என்று கேட்பது மரியாதையில்லை என எண்ணிய தங்கள் ஊழியர் நுமஜிரி, குனிந்து வணங்கி, மடக்கு நாற்காலி ஒன்றைக் கயிற்றுக்கு நேராக நடைபாதையில் போட்டார்.

"இங்க உக்காருங்க. படம் நல்லாத் தெரியும்."

"தெரியுது தெரியுது. நானும் எல்லாருக்கும் நல்லாத் தெரியறேன்" என்றார் ருகா.

அப்படத்தின் நாயகி சவதாரி அம்மையார், இப்போது எழுபதைக் கடந்தவர், எங்கள் வரிசையிலிருந்து எழுந்தார். "தம்பி! அங்க திரையில துணியில்லாம நிக்கறேன், விளக்குப் போட்டுக் காட்டறீங்க, சரி. இங்க கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்கு எதுக்குப்பா விளக்கு?"

"அணைச்சிடுங்கய்யா, அக்கா கேக்கறாங்கல்ல!" என்று ஆண்கள் பக்கமிருந்து குரல் வந்தது. முகம் சிவந்த நுமஜிரி விளக்கை அணைத்தார். கயிற்றையும் அவரே அவிழ்த்தார்.

"இப்ப நான் எங்க உக்கார?" என்றார் ருகா.

"எங்க வேணா உக்காருங்க. அந்த நாற்காலிய மட்டும் குடுங்க, எனக்குக் கால் வலிக்குது" என்றார் நுமஜிரி.

4. இந்த நிபந்தனையை விதித்த தங்கள் கடிதம் 'ஒழுங்கீனம்' என்று குறிப்பிடுவது இதைத்தான். பின்னர் எல்லோரும் கேட்டுக்கொண்டபடி, படத்தை முதலிலிருந்து ஓட்டினோம். நான் கூட்டத்தில் வாய்விட்டுச் சிரிப்பவள் அல்ல. அன்று சிரித்தேன். பக்கத்தில் இருந்தவரும் அதே இடத்தில் சிரித்தார். யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்ற கவலை ஒருவருக்கும் இல்லை.

இரண்டு நாள் என்றால் ருகாவை எந்த நாளில் அழைப்பது? பெண்கள் நாளில் வரட்டும் என்று தாங்கள் பெருந்தன்மையோடு கூறக்கூடும். ஆயினும் அதை வாசலில் ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருக்கும். ருகா அதற்காகக் காத்து நிற்க வேண்டியிருக்கும். வயதுச் சான்று பார்க்கும் விதி அப்படியே இருக்கட்டும். மற்ற நிபந்தனையை நீக்கி, ஒரே நாளில் நடத்த அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அனுமதி கிடைத்தால் ருகாவிடம், "சனிக்கிழமை வந்துடு" என்று மட்டும் சொன்னால் போதும்.

இடம்: ஹொஷிகாவா
நாள்: 12 நவம்பர் 2019

தங்கள் உண்மையுள்ள,
இவாசே கொதோனே