கூட இருப்பவர் பெயர்

ஆவடி,
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை கார்த்திகேசனும் பேரனும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அது பொய்யாகிவிடும். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல், வியாழக்கிழமை அம்பத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து வெள்ளிக்கிழமை ஆபரேஷன், ஞாயிறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், இதெல்லாம் அம்மாவே உனக்குச் சொல்லியிருப்பாள். சின்ன ஆபரேஷன்தான், சின்னச் சின்னதாக ஓட்டை போட்டு எடுத்துவிடலாம் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்க்கரைக்காரிக்குப் புண் ஆறுமா, மயக்க மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று எதை எடுத்தாலும் அங்கேதான் போய் நிற்கிறது மனசு. இதைப் போனிலேயே சொல்லலாம், ஆனால் எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும், நீயும் இரண்டு நிமிஷத்தில் அம்மாகிட்ட குடுங்கப்பா என்பாய். அதனால் காகிதத்தில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்.

அம்மா உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பியாகிவிட்டது, சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றுதான் தேதியைத் தள்ளிக் கொடுத்தார்கள். அன்று கவுண்டரில் வயது, விலாசம், மாத்திரைப் பெயர் எல்லாம் நான்தான் சொன்னேன். கடைசியில் அந்தப் பெண், கூடத் தங்க ஒருத்தருக்குத்தான் பாஸ், பேர் சொல்லுங்க என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா “ஜமீலா” என்றாள். நம் பக்கத்து வீட்டு ஜமீலாதான். உறவு என்ன என்று கேட்டதற்கு, தங்கச்சி என்றாள். நான் ஸ்கேன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறேன், முப்பத்தெட்டு வருஷம் கூடக் குடும்பம் நடத்தினவன். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். பஸ்ஸில் வாயைத் திறக்காமல் வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் ஏன் என்று கேட்டேன். “போன தபா பட்டதே போதும்” என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

போன தடவை என்றால் இரண்டு வருஷத்துக்கு முன் டெங்கு காய்ச்சலில் அவளை இங்கே ஆவடியில் சேர்த்தது. உனக்குப் பாதிதான் சொன்னோம். டிரிப்ஸ் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, நர்ஸ் பெண் வரவில்லை, நான் வராந்தாவில் நின்று கத்தினேன். வந்தது சின்னப் பெண், ஓடி வந்து மாற்றினாள், அப்போதும் நான் விடவில்லை. பிறகு டாக்டர் வந்து எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார், அம்மா ஐந்து நாள் என்றாள். என்னிடம் இரண்டு நாள் என்றுதான் சொல்லியிருந்தாள். அவ்வளவுதான், பத்துப் பன்னிரண்டு கட்டில் போட்ட அந்த வார்டில் எல்லோரும் பார்க்க அவள் பக்கம் திரும்பி ஏதேதோ பேசிவிட்டேன். அவள் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, நான் கத்தினதால்தான் அவளை அவ்வளவு நன்றாகக் கவனித்தார்கள் என்று நினைத்தேன். போன மாதம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேக்டரியில் எஞ்சின் டெஸ்ட் ஷெட்டில் இருபத்தாறு வருஷம், அங்கே கத்தினால்தான் வேலை நடக்கும், கஜபதி சார்ஜ்மேன் குரல் அடுத்த ஷெட் வரைக்கும் கேட்கும் என்று என்னைச் சொல்வார்கள், அது எனக்குப் பெருமையாக இருந்தது. ரிடையராகி ஆறு வருஷம் ஆகிறது. ஷெட்டை விட்டு வந்தேனே தவிர அந்தக் குரலை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

படிவம் எழுதின மறு வாரம் காது டாக்டரிடம் போனேன். டெஸ்ட் எடுத்துப் பார்த்து, இரண்டு காதிலும் நிறையப் போய்விட்டது, எஞ்சின் சத்தத்தில் நின்றவர்களுக்கு இது சகஜம், தன் குரலே சரியாகக் கேட்காது, அதனால் சத்தமாகப் பேசுவார்கள் என்றார். அதைக் கேட்டதும் மனசு எவ்வளவு லேசாகிவிட்டது தெரியுமா. ஆக, தப்பு என்மேல் இல்லை, காது மேல். அந்த டெஸ்ட் சீட்டை எடுத்துக்கொண்டு பரீட்சையில் பாஸ் பண்ணின பையன் மாதிரி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “காது கேக்காதவன் சத்தமா பேசுவான், சரி. மூள இல்லாத ஜென்மம்னு பேசச் சொல்லி காதா சொல்லிச்சு?” என்றாள். நான் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது காதில் மிஷின் வைத்திருக்கிறேன். முதல் நாள் குளியலறையிலிருந்து துண்டு கேட்டு அம்மாவைக் கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். இந்தக் குரலிலா முப்பத்தெட்டு வருஷம் அவளைக் கூப்பிட்டேன் என்று ஈரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். எதற்காவது கோபம் வந்தால் வாசலுக்குப் போய் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வருவது. முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு தடவை நடந்தேன், வாக்கிங் போறீங்களா என்று தெருவில் விசாரித்தார்கள், ஆமாம் என்றேன். அம்மா மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் வேண்டிக்கொண்டு எலுமிச்சம்பழத்தோடு போய்க்கொண்டிருந்தாள், நாலாவது வாரம் நானும் வரட்டுமா என்று கேட்டுக்கொண்டு போனேன். வரிசையில் ஒருவன் நடுவில் நுழைந்தான். தொண்டை வரைக்கும் வந்தது பிரியா, விழுங்கினேன். தம்பி, வரிசை அங்கிருந்து வருது என்று மெல்லச் சொன்னேன், அவனும் பின்னால் போய்விட்டான். அம்மா வேறு யாரோ பேசினது போல என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஆனால் அது நிலைக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காணோம். பீரோ, அலமாரி எல்லாம் கலைத்துவிட்டேன், நேரம் ஆக ஆகப் பயம், இது இல்லாமல் ஆபரேஷன் பண்ண மாட்டார்களே என்று. செருப்பு ஞாபகத்துக்கே வரவில்லை. எங்கே கொண்டுபோய்த் தொலைத்தாய் என்று ஆரம்பித்து, பழைய வார்த்தை எல்லாம் வரிசையாக வந்தது. அம்மா எழுந்து ஜமீலா வீட்டுக்குப் போய்விட்டாள். ரிப்போர்ட் என் ரேஷன் பையில் இருந்தது, மழைத் தூறலில் நனையாமல் இருக்க நானே வைத்தது. ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன், வீடு வீடாகவே இல்லை. பிறகு ஜமீலா வீட்டு வாசலில் போய் நின்று, ஜமீலாவும் இருக்கும்போதே, கஸ்தூரி, தப்பு என்மேலதான், மன்னிச்சுடு என்றேன். கல்யாணமானதிலிருந்து நான் சொல்லாத வார்த்தை. அம்மா உள்ளேயிருந்தே, “அத்தயாவது மெதுவா சொல்றீங்களா, தெருவே கேட்டுக்கினு கீது” என்றாள். ஜமீலா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள்.

மறுநாள் ஜமீலா தண்ணீர் பிடிக்கும்போது என்னிடம் தனியாக, “அண்ணே, நான் வேணா வியாழக்கெழம ஜொரம்னு படுத்துக்கறேன். வேற வழியில்லாம அக்கா உங்களத்தான் இட்டுக்கினு போவும்” என்றாள். ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன், மயக்கம் தெளிந்து கண்ணைத் திறக்கிறபோது ஜமீலா இருப்பாள் என்று நம்பிப் போகிறவள் எதிரே நான் நின்றால் அவள் முகம் எப்படி ஆகும். வேண்டாம்மா, அவ கேட்டபடியே நடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நான் கீழே மருந்துக் கடைப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். உண்மையைச் சொல்கிறேன், என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. மேலே டிரிப்ஸ் தீர்ந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அறுபத்தாறு வயசில் ஒரு ஆள் மாற முடியுமா, நீ படித்தவள், நீ சொல்.

இன்னொன்று. போன ஞாயிறு நீ அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது பையன் பாலைக் கொட்டிவிட்டான், நீ அவனை அதட்டினாய். மிஷின் இருந்ததால் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பாலைக் கொட்டாத பிள்ளை உண்டா, படித்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியாதா என்று இங்கே இரண்டு வரி எழுதினேன், கோடு போட்டு அடித்துவிட்டேன், அது நான் சொல்ல வந்தது இல்லை. அந்தக் குரல் என்னுடையது பிரியா. நீ பிளஸ் டூ படிக்கும்போது என் வண்டிச் சத்தம் கேட்டாலே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போவாய். ஆக்லாந்து போகிறேன் என்று நீ சொன்னதும் அவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை. இப்போதும் சொல்ல வேண்டாம். அது தினமும் என் மனசை அரிக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள். கோபம் வந்தால் நீயும் கொஞ்சம் நடந்துவிட்டு வா அம்மா, அங்கே குளிர் என்றால் வராந்தாவிலாவது நட.

இதுவரை எழுதி வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன், வந்து பார்த்தால் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் படித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வியர்த்துவிட்டது. படித்து முடித்து, ஏதேதோ பேசிவிட்டேன் என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, “இன்னா ஏதேதோ? எழுதறதுன்னா முழுசா எழுதுங்க. அவளுக்கும் தெரியட்டும்” என்றாள். எழுதுகிறேன். சாகறதா இருந்தா வீட்டிலேயே செத்துத் தொலைக்கிறதுதானே, இங்க வந்து ஏன் என் உயிர வாங்கற என்று சொன்னேன். அவள் செத்துவிடுவாளோ என்ற பயத்தில் சொன்னேன். பயத்தில் சொன்னாலும் அவள் காதில் விழுந்தது அந்த வார்த்தைதான்.

எழுதினதை வாங்கி அதையும் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள். பிறகு எழுந்து போகும்போது, “சனிக்கெழம காலீல ஜமீலாவ வூட்டுக்கு அனுப்பிடலாம். பாஸ வாங்கிக்கினு நீங்க மேல வாங்க. ஒரு நாளு பாக்கலாம்” என்றாள். இவ்வளவு நாள் அவள் என்னைக் கூப்பிடவில்லையே என்று பயந்தேன். இப்போது கூப்பிட்டுவிட்டாள், அதைவிட அதிகமாகப் பயமாக இருக்கிறது.

மாங்காட்டு அம்மன் துணையால் எல்லாம் நல்லபடியாக முடியும். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். மறக்காதே, அம்மாவை எதுவும் கேட்டு வற்புறுத்தாதே, எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே. சனிக்கிழமை நீ கூப்பிடும்போது போன் என் கையில் இருக்கும், எடுப்பது நான்தான். உடனே அம்மாவிடம் கொடு என்று சொல்லாமல் ஒரு ஐந்து நிமிஷம் என்னிடம் பேசு. என் குரல் உயர்ந்தால் வைத்துவிடு, நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கஜபதி