வயர் இடது பக்கம்

அன்பு மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுதும் கடிதம். இங்கே அம்மா சுகம், நான் சுகம், சைக்கிளும் சுகம். அங்கே நீயும் மருமகளும், அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும்.

வாராவாரம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். காது மந்தமானதிலிருந்து நான் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறேன். இந்தச் சங்கதி அம்மா காதில் விழக் கூடாது. அதனால்தான் தண்ணீர் கேன் போட வந்த இடத்தில் இவரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

சைக்கிளில் மாட்ட நீ அனுப்பிய மோட்டார் பெட்டி ஒரு மாதம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. ஆஸ்பத்திரி மேட்டில் ரெண்டு கேனோடு ஏற முடியாமல் நான் இறங்கித் தள்ளுவது தெரிந்துதான் அனுப்பினாய். அம்மாவோ, அவன் அனுப்பினது நமக்கு எதுக்கு, இத்தனை வருஷம் மிதிச்ச கால் இன்னும் மிதிக்காதா என்று ஒரே பிடியாய் நின்றாள். எங்களிடம் சொல்லாமல் நீ கல்யாணம் செய்துகொண்டு நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவளுக்கு உன்னோடு ஒரு வார்த்தை கிடையாது. உன் பெயரைக்கூட எடுப்பதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

போன வாரம் மேட்டில் மூச்சு வாங்கி, கேனோடு சாய்ந்துவிட்டேன். பயப்படாதே, முழங்கையில் சிராய்ப்புதான். அம்மா மருந்து போட்டாள். மறுநாள் காலையில் பெட்டி வாசலில் இருந்தது. யார் எடுத்து வைத்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சைக்கிள் கடை 'அவசரம்' வந்தார். உனக்குத் தெரியுமே, ரெண்டு நட்டை முடுக்கிவிட்டு மூணாவதை மறக்கிற ஆள். பெட்டியில் இருந்த தாளை அவர் தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தார். எனக்கு எப்படிப் பிடித்தாலும் ஒன்றுதான். நீ போனில் சொன்னதை வரிசையாய் ஒப்பித்தேன். முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மோட்டார் சக்கரத்தை மாட்டணும், அச்சு திரும்பாமல் பிடிக்க இரும்புத் தகடு போடணும், பேட்டரி நடுக்கம்பியில், பிரேக்கைத் தொட்டால் மோட்டார் நிற்கணும். ஒரு தடவை கேட்டால் எனக்கு மறக்காது. என் கல்யாணத்துக்கு யார் யார் வரவில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

எல்லாம் மாட்டி முடித்து, ரெண்டு கேனையும் கட்டி, வாசலில் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினேன். வண்டி பின்னாலே போகிறது! இன்னும் திருகச் சொன்னார் அவசரம். திருகினேன். நேரே போய் அம்மா துணி அலசுகிற வாளியில் இடித்து நின்றது. அவசரம் பேட்டரியைத் தட்டிப் பார்க்கிறார், நான் கேனைத் தூக்கிப் பார்க்கிறேன். ரெண்டு பேரும் முழிக்கிறோம்.

அம்மா நிமிரவே இல்லை. கையில் துணியோடு சொன்னாள்:

"சக்கரத்தைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. வயர் இடது பக்கம் வரணும்னு அவன் படிச்சுப் படிச்சுச் சொன்னானே."

சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது போல. பிழிந்து வைத்த சட்டையை எடுத்து மறுபடியும் பிழிந்தாள்.

மகனே, அது ஒன்றை நான் கோட்டை விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுகிற நேரத்தில் மட்டும் அடுப்படியில் குழாய் ஏன் மூடியிருக்கும், பாத்திரச் சத்தம் ஏன் நின்றுபோகும் என்று இத்தனை நாள் எனக்குப் புரியவில்லை. நாலு வருஷமாக நீ பேசினதெல்லாம் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சக்கரத்தைத் திருப்பி மாட்டினோம். வண்டி இப்போது மேட்டை அலுங்காமல் ஏறுகிறது. சார்ஜ் ஏறும்போது வீட்டில் ஆள் இருக்கணும் என்று நீ சொன்னாயாமே. எனக்கு நினைவில்லை. அம்மா காய் நறுக்குவதே இப்போது பேட்டரிக்குப் பக்கத்தில்தான்.

எனக்கு ஒரு உபகாரம் செய். இந்த ஞாயிறு நீ கூப்பிட்டதும், போனை அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டு, கேன் போடணும் என்று கிளம்பிவிடுவேன். ஆள் இல்லை என்று வைத்துவிடாதே. அம்மா பதில் பேசமாட்டாள், ஊம் கொட்டக்கூட மாட்டாள். நீ பாட்டுக்குப் பேசு. மருமகளுக்கு எதைக் கண்டால் குமட்டுகிறது, ராத்திரி தூங்குகிறாளா, டாக்டர் எந்தத் தேதி சொன்னார், எல்லாம் சொல். மருமகளையும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்.

மோட்டார் இருந்தாலும் நான் மெதுவாகத்தான் திரும்பி வருவேன்.

நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் அப்பா