பெயர் சொல்லாத ஆறு பேர்

மார்ச் 4, 2019
மழை. எங்கள் மாவட்டத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு மலரில் மருந்துக்கடை அத்தியாயம் என் தலையில். மலர்க்குழுத் தலைவர் மெர்ல் சுலபமாகச் சொல்லிவிட்டார்: “2006ல நீயே எழுதினியே ரோனா, அதையே போட்டுரு.”

எங்கள் பத்திரிகையின் 2006 இதழைத் தேடி எடுத்தேன். முதல் பக்கம். “காலை எட்டுக்கே கூட்டம்: வளர்கிறது நம் மருந்துக்கடை.” நான் எடுத்த படம். வரிசையில் ஆறு பேர். கீழே “வாடிக்கையாளர்கள்” என்று ஒரே சொல்.

மார்ச் 6
எங்கள் வாரப் பத்திரிகையில் ஒரு விதி: படத்தில் முகம் இருந்தால் பெயரும் இருக்க வேண்டும். பூசணிக்காய்ப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியவர்கூடப் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் சண்டைக்கு வருவார். படம் எடுத்த அன்று ஆறு பேரும் பெயர் சொல்ல மறுத்தார்கள். “எங்க பேரெல்லாம் எதுக்கு அக்கா,” என்று ஒருவன் சிரித்தான். வாசலில் ஒஹாயோ, கென்டக்கி என்று வெளிமாநில எண் பலகையோடு கார்கள்.

முப்பது வருட வேலையில் அப்படி யாரும் மறுத்ததில்லை. ஒரே காலையில் ஆறு பேர். ஏன் என்று நான் கேட்கவில்லையே. ஏன் கேட்கவில்லை?

மார்ச் 9
கடைக்காரர் டெல்பர்ட்டைப் பார்த்தேன். போதைக்கு விழுங்கப்படும் வலி மாத்திரைகளை அளவில்லாமல் விற்ற விவகாரத்தில் அரசு உரிமத்தைப் பறித்ததிலிருந்து வீட்டோடு இருக்கிறார். “டாக்டர் சீட்டு எழுதினாரு, நான் மாத்திரை குடுத்தேன். அவ்ளோதான்.”

படத்தை நீட்டினேன். வரிசையில் ஒவ்வொரு முகமாக விரலை ஓட்டினார்.

“ஞாபகமில்ல. கெளம்பு.”

மார்ச் 14
வரிசையில் மூன்றாவது, வனீட்டாவின் மகன் ட்ராய். படம் எடுத்த இரண்டாம் வருடம் போனான். மாத்திரைதான். இருபத்து நான்கு வயது.

வனீட்டா பள்ளிச் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். படத்தை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

“எடுத்துடாத. அவன் சிரிச்சு நான் பாத்த கடைசிப் படம் அதுதான்.”

“அப்போ அவன் பேரைப் போடட்டுமா?”

குழாயை மூடினாள். “ஆறு பேரு பேரையும் போடறதா இருந்தா போடு. அவன மட்டும் தனியா நிக்க வைக்காத. ஊரு அவனைத்தான் பேசும்.”

மார்ச் 22
நான்கு பெயர்கள் கிடைத்துவிட்டன. ட்ராயையும் சேர்த்து மூன்று பேர் இறந்துவிட்டார்கள். நான்காமவள் ஒஹாயோவில் உயிரோடு. தொலைபேசியில் சிரித்தாள்: “தாராளமாப் போடுங்க. நான் இன்னும் சாகலன்னு என் மாமியாருக்குத் தெரியட்டும்.”

மெர்லுக்குக் கோபம். “இது கொண்டாட்ட மலரும்மா. கல்லறைக் கல்வெட்டா?”

மலர் வேண்டாம், எங்கள் பத்திரிகையிலேயே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முதல் பக்கத்தில்.

மார்ச் 29
இன்னும் இரண்டு பேர். யாருக்கும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அச்சு.

ஏப்ரல் 1
காலை ஏழு மணிக்குத் தொலைபேசி. டெல்பர்ட். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

“ரெண்டாவது ஆள், லைல் கோஃப்மன். நவம்பர் 12, எழுபத்தொன்பது. கடைசில நிக்கறவ, டார்லா ஸ்பென்ஸ். ஜூன் 3, எண்பத்தொண்ணு.”

பிறந்த தேதிகள். மருந்து கொடுக்குமுன் கேட்டுச் சரிபார்ப்பவை. எழுதிக்கொண்டேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

“இரு, இன்னும் இருக்கு. படத்துல இல்லாதவங்க, நான் மாத்திரை குடுத்தவங்க,” என்றார்.

படத்தில் ஆறு பேர்தான். அவர் இருபத்தொன்பதாவது பெயரைச் சொல்லும்போது பேனாவில் மை தீர்ந்தது. பென்சிலை எடுத்தேன்.