மாடே இருக்கட்டும்

புந்தோங், ஈப்போ
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் துளசிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் கோத்தா பாருவில் நலமாக இருக்க வேண்டும். தபால்காரர் குழம்பக் கூடாதே என்று உறையின் மேல் உன் முஸ்லிம் பெயரை எழுதியிருக்கிறேன். எனக்கு நீ துளசிதான். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

அப்பாவின் இதய வால்வு கெட்டுவிட்டது. வருகிற வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. ஆபத்து இல்லாமல் இல்லை. மிருகத்தின் திசுவில் செய்த வால்வுதான் அவருக்கு ஏற்றது, பன்றியிலும் உண்டு, மாட்டிலும் உண்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து வீடு சந்தைக்கடைதான். மிருகத்தினுடையதை வைத்தால் மனுஷன் குணம் மாறிவிடுமோ என்று செல்லாயி அத்தைக்குக் கவலை. இதற்கு மேல் மாற உன் அண்ணனிடம் என்ன இருக்கிறது என்று அவளையே கேட்டேன். பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் உயிர் பிழைத்தால் சரி என்றாள். கடைசியில் பன்றி என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். சிலிம் ரிவர் தோட்டத்தில் முனியாண்டிக்கு வருஷா வருஷம் பன்றி வெட்டிப் படைத்த குடும்பம்தானே. மாட்டிறைச்சி விற்கும் கடையில் அப்பா தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டார்.

ஆனால் டாக்டரிடம் போனதும் அப்பா, "பன்னி வேணாம் டாக்டர், மாடே வச்சிருங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் கேட்டேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவருக்கு ரத்தம் எடுத்த மலாய் மிஸ்ஸிதான் என்னிடம் சொன்னாள். உடம்புக்குள் பன்றி இருந்தால் முஸ்லிம் பிள்ளைகள் தன்னைத் தொடக் கூடாதா என்று அப்பா அவளிடம் கேட்டிருக்கிறார். அப்படி ஒன்றும் இல்லை, உயிர் காக்க எதுவும் வைக்கலாம், தாராளமாகத் தொடலாம் என்று சொல்லியிருக்கிறாள். அவர் நம்பவில்லை. "எதுக்கும் மாடே இருக்கட்டும். மக வந்தா சங்கடப்படக் கூடாது" என்றாராம்.

நீ மதம் மாறிக் கல்யாணம் செய்ததிலிருந்து உன் பெயரையே எடுக்காத மனுஷன், துளசி. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

இதை உனக்கு எழுதியது அவருக்குத் தெரியாது. வியாழனுக்கு முன்னால் வா. தலையில் துடோங் போட்டுக்கொண்டே வா, மாப்பிள்ளையும் வரட்டும். எதுவும் பேச வேண்டாம், அவர் கையை மட்டும் பிடித்துக்கொள்.

நீ தொழுகிற சாமியும் நம் முனியாண்டியும் சேர்ந்து நம்மைக் காக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா நவமணி