நாள் குறிக்காத சாவு

1986 ஒக்டோபர் 6, ஒடென்சே.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில், ஆளில்லாத குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் மெழுகுதிரி எரிந்தது. டெனிஷ்காரர் அழகுக்குக் கொளுத்துவது என்று நினைத்து ஊதி அணைத்துவிட்டேன். வீட்டுக்காரரான யூதக் கிழவர் வந்து பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

“அது அக்காவுக்கு. செத்த நாளில எங்கட ஆக்கள் கொளுத்துறது. யுத்தத்தில ஜேர்மன்காரருக்குப் பயந்து சுவீடனுக்குத் தப்பி ஓடினம். அவவின்ர படகு வந்து சேரேல்லை.”

“இண்டைக்கோ செத்தவ?”

“ஆருக்குத் தெரியும்? வருசக்கணக்காப் பாத்திருந்திட்டு நாங்களே ஒரு நாளைக் குறிச்சம்.”

ஊரில் ஆமி பிடித்துப்போன என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். உடல்கூட வரவில்லை என்றேன். கிழவர் தன் மெழுகுதிரியைத் திரும்பக் கொளுத்திவிட்டு எனக்கும் ஒன்று தந்தார்.

“நீரும் ஒரு நாளைக் குறியும்.”

கடைசியாகக் கதைத்தபோது தம்பி என்னைக் கோழை என்றான். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் தந்த மெழுகுதிரி கொளுத்தாமல் மேசையில் கிடக்கிறது. அவன் செத்த நாளென்று ஒன்றைக் குறித்துவிட்டால், பிறகு நான் ஆரோடு கோபமாக இருப்பது?